இணையப் பக்கமும் தமிழெழுத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழர் தம் அறிவுச் செல்வத்தைப் பேணிய வரலாறு, ஒருவகையில் நோக்குமிடத்து, அச்செல்வத்தைத் தாங்கி நின்ற பொருள்களின் வரலாறே எனலாம். கல், செப்பேடு, பனையோலை, காகிதம் எனத் தாங்கும் பொருள் மாறிய ஒவ்வொரு காலத்தும் சில நூல்கள் கரையேறின, பல மறைந்தொழிந்தன. 1578ஆம் ஆண்டிற் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாயிற்று. ஆயினும், கலித்தொகை சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் பதிப்பாக வெளிவந்தது 1887ஆம் ஆண்டிலேயாம். இடைப்பட்ட முந்நூற்றொன்பது ஆண்டுகளிற் செல்லுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் இரையான ஏடுகள் எத்துணையென்று எவரும் கணக்கிட்டுரைத்தல் இயலாது. அச்சுப்பொறி இருந்தமை மட்டும் நூல்களைக் காத்துவிடவில்லை. ஏட்டினின்று காகிதத்துக்குப் பெயர்த்தெழுதும் விழிப்பும் உழைப்புமே அவற்றைக் காத்தன.

காகிதத்தினின்று மின்னெழுத்துக்குத் தமிழ் பெயர்ந்த காலமும் இத்தகையதொரு மாறுதற் காலமே. அது பெரும்பாலும் 1990ஆம் ஆண்டுக்கும் 2010ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்டது. அக்காலத்தில் உலகெங்கும் வாழ்ந்த தமிழர் ஆக்கி வெளியிட்ட இணையப் பக்கங்களுட் சில இன்றும் படிக்கத்தக்கனவாய் உள்ளன. பல பொருளற்ற குறிகளின் குவியலாய்க் கிடக்கின்றன. வேறு பல இருந்த இடமும் தெரியாமல் அழிந்தன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? பக்கத்தின் பொருள் வேறு, அதன் ஒப்பனை வேறு என்னும் தெளிவு பேணப்பட்டவிடத்துத் தமிழ் பிழைத்தது. அவ்விரண்டும் ஒன்றாய்க் குழைக்கப்பட்டவிடத்துத் தமிழ் அழிந்தது என்பதே வரலாறு தரும் விடையாகும்.

இணையப் பக்கத்தின் தோற்றம்

ஜெனீவா நகரையடுத்துள்ள சேர்ன் என்னும் அணு ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய ரிம் பேணேர்ஸ்-லீ என்பார், அறிஞர் தம் குறிப்புகளை ஒருவரோடொருவர் இணைத்துப் படித்தற்குரிய திட்டமொன்றை 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முன்வைத்தார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் முதலாவது இணைய வழங்கியும் முதலாவது உலாவியும் இயங்கின. 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி சேர்ன் நிலையம் அந்நுட்பத்தை உலகோர் யாவர்க்கும் உரிமை கோராது வழங்கிற்று. இணையம் விரைந்து பரவியமைக்கு இவ்வீகையே தலையாய காரணமெனல் மிகையாகாது.

பேணேர்ஸ்-லீ வகுத்த பக்கம் மிக எளிமையானது. அது வெறும் எழுத்துக்களாலான ஒரு கோப்பு. அதன்கண் இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல், இது பிறிதொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு என்று உணர்த்தும் குறிகள் இடையிடையே இடப்பட்டிருக்கும். இக்குறிமொழியே எச்.ரி.எம்.எல். எனப்படுவது. கோப்பு எவ்வாறு உளதோ அவ்வாறே, மாற்றமின்றி, கேட்டோர் யாவர்க்கும் வழங்கப்படுமாயின் அதனை நிலையான பக்கம் என்பர். கேட்குந்தோறும் தரவுக் களஞ்சியத்தினின்று புதிதாய்த் தொகுத்து வழங்கப்படுவது இயங்குநிலைப் பக்கமாகும். முன்னையது அச்சிட்ட நூலை ஒத்தது. பின்னையது வினவுந்தோறும் விடைகூறும் எழுதுவினைஞரை ஒத்தது. எழுதுவினைஞர் நீங்கின் விடையும் நீங்கும். நூலோ நின்று நிலவும்.

குறிகள் பக்கத்தின் உறுப்புக்களை உணர்த்தினவேயன்றி, அவ்வுறுப்புக்கள் எந்நிறத்தில், எவ்வளவில், எவ்வகை எழுத்தில் தோன்றவேண்டும் என்பதை உணர்த்தவில்லை. அக்குறையை நிறைக்கவேண்டி 1994ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஹோகோன் வியும் லீ என்னும் நோர்வே நாட்டறிஞர் ஒப்பனைக்கெனத் தனியொரு மொழியை முன்மொழிந்தார். பேர்ட் போஸ் என்பாரும் அவருடன் சேர்ந்துழைக்க, 1996ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி அது சி.எஸ்.எஸ். என்னும் பெயரால் நெறியாக ஏற்கப்பட்டது. பொருள் ஒரு கோப்பில், ஒப்பனை வேறொரு கோப்பில் என்பதே அதன் உயிர்நிலைக் கொள்கை. ஒப்பனைக் கோப்பு தொலைந்தாலும் பக்கத்தின் பொருள் கெடாது. அழகு மட்டுமே குன்றும்.

தமிழுக்கு நேர்ந்த இடர்

மேனாட்டார்க்கு இக்கொள்கை அழகுபற்றியதும் வசதிபற்றியதும் ஆகும். தமிழர்க்கோ அது மொழியின் வாழ்வுபற்றியதாயிற்று. இதன் காரணத்தை அறிதற்கு அக்காலக் கணினிகள் எழுத்தைச் சேமித்த முறையை அறிதல் வேண்டும்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் உரிய எண் யாதென்பது 1960களிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. தமிழெழுத்துக்கு அத்தகைய பொது எண் எதுவும் வழக்கில் வராத நிலையில், தமிழார்வலர் வேறொரு வழி கண்டனர். ஆங்கில எழுத்துக்களின் எண்களை அவ்வாறே வைத்துக்கொண்டு, அவ்வெண்களுக்குரிய வடிவங்களை மட்டும் தமிழாக மாற்றி எழுத்துருக்களை ஆக்கினர். ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இதற்குத் தக்க சான்றாகும். பாமினியில் 'அம்மா' என்னும் சொல்லைத் தட்டெழுதினாற் கணினியிற் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளேயாம். பாமினி உள்ள கணினியில் அவை 'அம்மா' எனத் தோன்றும். பாமினி இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும்.

ஆங்கிலப் பக்கமொன்றில் எழுத்துரு இல்லையாயின், வேறோர் எழுத்துருவிற் பக்கம் தோன்றும்; படிப்பவர் வேறுபாட்டை உணராமலும் இருத்தல் கூடும். தமிழ்ப் பக்கத்திலோ எழுத்துரு நீங்கின் மொழியே நீங்கிற்று. பிறமொழியாளர்க்கு அணிகலனாய் இருந்தது தமிழர்க்கு உயிராய் அமைந்துவிட்டது. ஒப்பனைக்குள் உயிரை ஒளித்துவைத்த இந்நிலையே பின்னாளில் விளைந்த இழப்புக்களுக்கெல்லாம் வித்தாயிற்று.

இவ்விடரை வளர்த்தது எச்.ரி.எம்.எல். மொழியிற் புகுந்த எழுத்துருக் குறியாகும். பக்கத்தின் நடுவிலேயே எழுத்துருவின் பெயரைச் சொல்லி அழைக்கும் இக்குறியைத் தமிழ்ப் பக்கங்கள் பந்திதோறும் கையாண்டன. 1997ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த எச்.ரி.எம்.எல். நான்காம் பதிப்பு, அக்குறி கைவிடத்தக்கதென்றும் ஒப்பனை யாவும் சி.எஸ்.எஸ். கோப்பிற்கே உரியதென்றும் வகுத்தது. தமிழர் அவ்வறிவுரையை உடனே பின்பற்றுதல் எளிதாய் இருக்கவில்லை. செய்தித்தாள்களும் சஞ்சிகைகளும் தத்தமக்கெனத் தனித்தனி எழுத்துருக்களை வைத்திருந்தமையால், நான்கு தளங்களைப் படிக்க விரும்பும் ஒருவர் நான்கு எழுத்துருக்களை இறக்கிப் பொருத்தவேண்டியிருந்தது.

1997இல் வெளிவந்த நெற்ஸ்கேப், மைக்குரோசொப்ற் என்பனவற்றின் நான்காம் பதிப்பு உலாவிகள், எழுத்துருவைப் பக்கத்துடன் சேர்த்து அனுப்பும் வழியைத் தந்தன. ஆனால் இரு நிறுவனங்களும் இருவேறு முறைகளைக் கையாண்டன. அம்முறைகள் வழக்கொழிந்தபோது, அவற்றையே நம்பியிருந்த பக்கங்களும் ஊமையாயின.

முன்னோடிகள்

இத்தகைய இடர்களுக்கிடையே உழைத்த முன்னோடிகள் நன்றியுடன் நினைக்கத்தக்கவர்கள். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு என்னும் தமிழ்ச் செயலியை ஆக்கினார். சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சி விரிவுரையாளருமாகிய நா. கோவிந்தசாமி, 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியிடப்பட்ட சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பின் இணையத்தளத்திலே தமிழ் இடம்பெறச் செய்தார். இணையத்தில் தமிழ் ஏறிய முதன் முயற்சியாகப் பலராலும் குறிக்கப்படுவது இதுவே. 1997இற் சிங்கப்பூரிற் கூடிய தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவரே முன்னின்றார். 1999ஆம் ஆண்டில் அவர் காலமானமை தமிழ்க் கணிமைக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

இவ்வரிசையிலே தனித்து எண்ணத்தக்கது மதுரைத் திட்டம். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழும் வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று அது தொடங்கிற்று. ஊதியம் கருதாத தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து தமிழ் நூல்களைத் தட்டெழுதினர்; வேறு தொண்டர்கள் பிழை திருத்தினர்; முடிந்த நூல் யாவர்க்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. திருக்குறளை முதலெண்ணாகக் கொண்டு வளர்ந்த அவ்வரிசை இன்று பன்னூறு நூல்களைக் கொண்டுள்ளது.

மதுரைத் திட்டத்தின் பக்கங்களிற் பகட்டு எதுவும் இல்லை. தலைப்பு, நூற்பெயர், ஆசிரியர் பெயர், தட்டெழுதியோர்க்கும் மெய்ப்புப் பார்த்தோர்க்கும் நன்றி, அதன்பின் நூல் என்னும் இவ்வளவே அதன் அமைப்பு. எழுத்துக்கும் அவர்கள் திஸ்கி என்னும் குறியீட்டைத் தெரிந்துகொண்டனர். இணையவழிக் கலந்துரையாடலால் தமிழார்வலர் பலர் கூடி வகுத்த அக்குறியீடு, கணினியின் 256 இடங்களில் முற்பாதியை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டுப் பிற்பாதியிலே தமிழை வைத்தது. இதனால் ஆங்கிலமும் தமிழும் ஒரே கோப்பில் மயக்கமின்றி நின்றன. எவ்வெண்ணுக்கு எவ்வெழுத்து என்னும் அட்டவணையும் யாவரும் அறிய வெளியிடப்பட்டிருந்தது. எளிய அமைப்பு, வெளிப்படையான குறியீடு என்னும் இவ்விரண்டுமே அந்நூல்களைப் பின்னர்க் காத்தன.

பொதுக் குறியீடு

உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான எண் வரிசையை வகுக்கும் யுனிகோட் முயற்சி 1991ஆம் ஆண்டில் முதற்பதிப்பைக் கண்டது. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டை அடியொற்றித் தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயிர்மெய் எழுத்துக்களுக்குத் தனியிடம் இன்றி, மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தே அவை ஆக்கப்படவேண்டியிருந்தமை தமிழறிஞர் பலர்க்கு உடன்பாடாகவில்லை. தமிழ்நாட்டரசு 1999இல் டாப், டாம் என்னும் இரு குறியீடுகளை நெறிப்படுத்தியது. 2010ஆம் ஆண்டில் யுனிகோட்டையும், அதற்கு மாற்றாக அனைத்தெழுத்துக்கும் இடந்தரும் பதினாறு பிட்டுக் குறியீட்டையும் அவ்வரசு ஏற்றது. இலங்கையிலே தமிழ்க் குறியீட்டுக்கான தர நிர்ணயம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலக்கத்துடன் 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. அது யுனிகோட்டையே தழுவியது. '.இலங்கை' எனத் தமிழிலேயே முடியும் இணைய முகவரிக்கு 2010ஆம் ஆண்டில் இசைவு கிடைத்தது.

யுனிகோட்டில் 'அம்மா' என்னும் சொல் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகளாய் நிற்கும். அவை இணையத்தில் வழங்கும் யு.ரி.எஃப். எட்டு என்னும் முறையிற் பதினைந்து பைற்று இடங்கொள்ளும். பாமினியிலோ அச்சொல்லுக்கு ஐந்து பைற்றுப் போதும். இடம் மும்மடங்காயினும், கிடைத்த பயன் அதனினும் பெரிது. இப்பொழுது அச்சொல் எந்த எழுத்துருவிலும் 'அம்மா'வே. எழுத்துரு இல்லையாயினும் 'அம்மா'வே. தேடுபொறி அதனைக் கண்டுபிடிக்கும். பார்வையற்றோர்க்கு வாசித்துக்காட்டும் கருவி அதனை ஒலிக்கும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த வின்டோஸ் 2000 இயங்குதளம் லதா என்னும் எழுத்துருவுடன் தமிழ் யுனிகோட்டை ஏற்றபின் இம்மாற்றம் வலுப்பெற்றது. ஒப்பனையினுள் அடைபட்டிருந்த தமிழெழுத்து அதனின்றும் விடுதலை பெற்றது எனலாம்.

அழிந்தனவும் பிழைத்தனவும்

மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை யுனிகோட்டுக்கு மாற்ற முற்பட்டபோது, நூல்களை மீளத் தட்டெழுதவேண்டிய தேவை எழவில்லை. குறியீட்டு அட்டவணை கையிலிருந்தமையால் மாற்றத்தைக் கணினியே செய்தது. பாமினியிலிருந்த ஆக்கங்களையும் இவ்வாறு மாற்றலாம். ஆனால் ஆங்கிலச் சொற்கள் இடையிடையே கலந்திருப்பின், எது ஆங்கிலம் எது தமிழ் என்று கணினி பிரித்தறியாது. ஆங்கிலப் பெயர்களெல்லாம் பொருளற்ற தமிழெழுத்துக் கோவைகளாய் மாறிவிடும். மனிதர் கண்ணே அவற்றைத் திருத்துதல் வேண்டும்.

எழுத்துக் குறியீடு காரணமாய் நேர்ந்த இழப்பு ஒருபுறமாக, இடம் காரணமாய் நேர்ந்த இழப்பு மற்றொருபுறமாகும். 1994இல் தோன்றிய ஜியோசிற்றீஸ் என்னும் தளம் விரும்பியோர்க்கெல்லாம் பக்கம் வைக்க இலவசமாக இடந்தந்தது. தமிழர் பலரும் அங்கே இலக்கியம், கோயில், ஊர், இசை முதலியன பற்றிய பக்கங்களை வைத்திருந்தனர். 2009ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆந் திகதி அத்தளம் மூடப்பட்டது. தன்னார்வலரும் இணைய ஆவணக் காப்பகமும் படியெடுத்தவை மட்டுமே எஞ்சின. ஏட்டைக் கோயிலறையில் வைத்துவிட்டு அறையின் சாவியைப் பிறரிடம் கொடுத்தவர் நிலைக்கு இது ஒப்பாகும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தமையை ஈழத்தமிழர் மறந்திலர். ஒரே இடத்தில் ஒரே படியாய் வைத்த செல்வம் ஒரே இரவில் அழியும் என்பதே அது உணர்த்திய பாடம். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் படியெடுத்து இணையத்தில் வைப்பது. இதன் தளம் நிலையான பக்கங்களாலானதன்று. ஆயினும் வெளிப்படையான கோப்பு, பல படிகள், யாவர்க்கும் திறந்த வாயில் என்னும் அடிப்படை அதற்கும் பொருந்தும்.

இக்காலக் கருவிகள்

அண்மைக் காலத்தில் நிலையான பக்கங்கள் மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளன. ஜெக்கில் 2008இலும் ஹியூகோ 2013இலும் தோன்றிய ஆக்கக் கருவிகள். இவற்றிலே ஆசிரியர் தம் கட்டுரையை எளிய எழுத்துக் கோப்பாக எழுதுவர். பக்கத்தின் வார்ப்பு வேறொரு கோப்பில் இருக்கும். கருவி அவ்விரண்டையும் இணைத்து நூறு பக்கமாயினும் ஆயிரம் பக்கமாயினும் நொடிப்பொழுதில் ஆக்கித் தரும். கையெழுத்துப் படியும் அச்சுக்கோப்பும் வெவ்வேறாய் இருந்த பழைய அச்சக முறையை இது ஒத்தது. கையெழுத்துப் படி கையிலிருக்கும்வரை எத்தனை பதிப்பும் வெளியிடலாம்.

ஒப்பனையிலே தமிழுக்கெனக் கருதவேண்டியன சில உள. தமிழ்ச் சொற்கள் நீண்டன. கைப்பேசியின் ஒடுங்கிய திரையில் அவை வரி கடந்து வழியாதவாறு விதி வகுத்தல் வேண்டும். 'கூ', 'ஞூ' போன்ற எழுத்துக்கள் சுழியும் வாலும் உடையன; ஆதலின் வரிகளுக்கிடையே ஆங்கிலத்திற்கு வைப்பதிலும் சிறிது மிகுந்த இடைவெளி தேவை. சாய்வெழுத்துத் தமிழ் மரபன்று. அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தே சாலும். பக்கத்தின் மொழி தமிழ் எனவும், குறியீடு யு.ரி.எஃப். எட்டு எனவும் பக்கத்தின் தலையிலேயே அறிவித்தல் இன்றியமையாதது. 2012இல் நெறியாக ஏற்கப்பட்ட வொஃப் என்னும் எழுத்துருக் கோப்பு இன்றைய உலாவிகள் யாவற்றிலும் இயங்குவது. அதனை இணைத்தால் எழுத்து அழகாய்த் தோன்றும். அது வந்துசேராவிடினும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

வெளியிடும் முறையும் மாறியுள்ளது. முன்னாளிலே தொலைபேசிக் கம்பி வழியாக ஒவ்வொரு கோப்பாய் வழங்கிக்கு ஏற்றினர். இடையில் இணைப்பு அறுந்தால் மீளத் தொடங்கினர். இன்று, 2005இல் லினஸ் ரோவால்ட்ஸ் ஆக்கிய கிற் என்னும் கருவி, எவர் எப்போது எதனைத் திருத்தினார் என்பதைப் பதிந்துகொண்டே செல்கின்றது. பதிப்பாசிரியர் பாடபேதங்களைக் குறித்துவைத்தமைக்கு இது நிகராகும். கிற்ஹப் போன்ற தளங்கள் அக்கோப்புக்களை இலவசமாகவே இணையப் பக்கமாய் வெளியிடுகின்றன. களனி கங்கையின் வடகரையிலுள்ள பேலியகொடையிலோ, வெள்ளவத்தையிலோ, கொட்டாஞ்சேனையிலோ வாழும் மாணவன் ஒருவன் மாலையில் எழுதிய பக்கத்தை ரொறன்ரோவிலுள்ள உறவினர் அக்கணமே படித்தல் கூடும். உயர்தர வகுப்பில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் பயில்வோர்க்கு எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ். என்பன பாடத்திட்டத்திலேயே உள்ளன.

ஆயினும், புதிய கருவிகளிலும் பழைய ஆபத்து உறைகின்றது. பிறர் ஆக்கிய சிறு செயலிகள் பலவற்றைச் சார்ந்து கட்டிய தளம், அவற்றுளொன்று கைவிடப்படின் மீளக் கட்டமுடியாததாகும். இலவசமாக இடந்தரும் நிறுவனம் நாளை ஜியோசிற்றீஸ் சென்ற வழியே செல்லவுங் கூடும். எனவே கருவி எதுவாயினும், மூலக் கோப்பு எளிய எழுத்தாய் இருத்தலும், அதன் படிகள் பலரிடத்து இருத்தலும் வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாறு முடிந்துவிட்ட ஒன்றன்று. கோயிற் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், நினைவு மலர்கள், ஊர் வரலாறுகள் எனக் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்நாட்டில் அச்சானவற்றுட் பல பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே கோக்கப்பட்டவை. அவற்றின் கோப்புக்கள் அச்சகங்களின் பழைய கணினிகளிலும், இக்காலக் கணினிகள் ஏற்காத தட்டுக்களிலும் முடங்கிக் கிடக்கின்றன. ஒரு கணினி பழுதுற்று எறியப்படுந்தோறும் ஒரு கட்டு ஏடு செல்லரித்ததற்கு ஒப்பான இழப்பு நேர்கின்றது. ஓசையின்றி நேர்தலின் அதனை எவரும் அறிந்திலர்.

தாமோதரம்பிள்ளை காலத்திலே ஏட்டைத் தேடி ஊரூராய் அலைதலும், பொருளிழத்தலும், ஒப்புநோக்கிப் படியெடுத்தலும் வேண்டியிருந்தன. இன்று வேண்டுவது அவ்வளவு அரிய செயலன்று. பழைய கோப்பை வாங்கி யுனிகோட்டுக்கு மாற்றி, பிழை திருத்தி, தலைப்பும் பந்தியும் குறித்து, எளியதொரு பக்கமாக வெளியிடுதலை உயர்தர வகுப்பு மாணவர் சிலர் கூடி ஒரு விடுமுறையிற் செய்து முடிக்கலாம். ஒப்பனையை வருங்காலத்தார் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்வர். எழுத்தை அவர்கள் கையிற் சேர்ப்பித்தல் இத்தலைமுறையின் கடமையாகும்.